அவசரம் லேது

முதியவர் ஒருவரை யாம் நான்கு திங்கள் காலம் மனம் நோகச் செய்தோம். வசைமொழி ஏதும் கூறினோம் அல்லோம். அவர்பால் பரிவு கொண்டு, அவர் வீட்டில் வழங்கும் மொழியிலேயே இரண்டு சொற்கள் மொழிந்தோம். அவ்விரண்டில் ஒன்று எமக்கு நன்கு பழகிய சொல் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையே கேடாயிற்று. இதனை வாசக அன்பர்களிடம் விரித்துரைக்குமுன், இத்தகைய பிழை நேரும் என்று எம்மை இளமையிலேயே எச்சரித்த ஆசிரியர் ஒருவரைப் பற்றிக் கூறியாக வேண்டும். எச்சரிக்கை பெற்றிருந்தும் வழுக்கினோம் என்பதே எமது வெட்கம்.

1991-ஆம் ஆண்டுக் கோடை. யாம் அப்போது குருமட மாணவர். எமது பகுதியின் பழைய பங்குகளில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் நெடுங்காலம் பணியாற்றியவர்கள் என்பது அன்பர்கள் அறிந்ததே. 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயராக வந்தவரும் பிரான்சு நாட்டினரான புருனியே ஆண்டகையே. (எமது தருமபுரி மறைமாவட்டம் சேலத்தினின்று பிரிந்தது 1997-இல்.) ஆகவே பழைய கடிதங்களையும் குறிப்பேடுகளையும் படித்தறியச் சிலருக்கேனும் பிரெஞ்சு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று பெரியோர் கருதினர். எம்முடன் மேலும் ஐவரைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினர். அங்கே வயது முதிர்ந்த குரு ஒருவர் எமக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அவர் முதல் நாளில் இலக்கண நூலைத் திறக்கவில்லை. பழைய அட்டைப் பெட்டிகளை நறுக்கிச் செய்த சீட்டுக்கட்டு ஒன்றை மேசைமீது கவிழ்த்தார். நீல ஓரமிட்டவை பிரெஞ்சுச் சொற்கள். சிவப்பு ஓரமிட்டவை ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொருவரும் நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாகத் திருப்ப வேண்டும். இரண்டும் எழுத்தளவில் ஒத்திருப்பின், அவை பொருளிலும் நண்பரா, அன்றிப் பொய்நண்பரா என்று தீர்ப்புக் கூற வேண்டும். ‘நேஷன்’ என்று ஆங்கிலேயர் ஒலிப்பதும் ‘நசியோன்’ என்று பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதும் எழுத்திலும் ஒன்று, பொருளிலும் ஒன்று. அவை மெய்யான நண்பர். எல்லாச் சொற்களும் அவ்வாறு நடந்துகொள்வதில்லை. நண்பரைப் பொய்யர் என்று ஐயுற்றுத் தோற்றவன் ஒரு சீட்டை மட்டும் இழப்பான். பொய்யரை நண்பர் என்று நம்பித் தோற்றவனோ அதுவரை கையில் சேர்த்த சீட்டு அனைத்தையும் கீழே வைத்துவிட வேண்டும். இவ்விதி எமக்கு அந்நாளில் பெரும் கொடுமையாகத் தோன்றிற்று.

கையிலிருந்ததை யாம் பன்முறை கீழே வைத்தோம். ‘லிப்ரெரி’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை நூலகம் என்றோம். அது புத்தகக் கடை. ‘ழுர்னே’ என்பதைப் பயணம் என்றோம். அது ஒரு பகற்பொழுது. குதிரையினின்று விழுந்த மறைபரப்பாளர் ‘ப்ளெஸே’ ஆனார் என்றொரு வாக்கியத்தை ஆசிரியர் கொடுத்தபோது, ஆங்கிலச் சொல்லின் சாயலைக் கொண்டு, அவர் விழுந்து ஆசி பெற்றார் என்று மொழிபெயர்த்தோம். பாவம், அவர் பெற்றது காயம். எம் தோழர் ஒருவர் இதனையும் விஞ்சினார். நாற்காலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அதே எழுத்துக்கள் பிரெஞ்சில் ஊனுடலைக் குறிக்கும். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாக்கானவர் ஊன் உடல் எடுத்ததைக் கூறும் இடத்தை அவர் நாற்காலியாக்கிவிட்டார். ஆசிரியர் சினவாமல், “அமருங்கள்” என்றார். இன்றளவும் கிறிஸ்து பிறப்பு நாள் திருப்பலியில் அப்பகுதியை வாசிக்கும்போது எமக்கு அந்த வகுப்பறை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ரொட்டிக்குப் பிரெஞ்சில் வழங்கும் சொல்லின் எழுத்துக்கள் ஆங்கிலத்தில் வலியைக் குறிப்பன. அச்சொல்லின் ஒலியோ ஏறத்தாழ ‘பேன்’. உணவு மேசையில் தலைப்பேனைக் கேட்டு வாங்குவதா என்று ஆறு தமிழ்ப் பிள்ளைகளும் நகைத்தோம். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பர். அது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். நம் இலக்கியத்தில் பாண் என்பது பண்ணிசையாயிற்றே என்று ஆசிரியர் அப்போது குறுக்கிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

பங்குக் குடும்பங்களுக்குச் சுவை தரும் இணை ஒன்று உண்டு. பிரெஞ்சில் ‘க்யூரே’ என்பவர் பங்குத்தந்தை. ‘விக்கேர்’ என்பவர் அவருக்கு உதவிக் குரு. இங்கிலாந்துத் திருச்சபையிலோ, அவற்றையொத்த ‘கியூரேட்’ என்பவர் உதவிக் குரு. ‘விக்கர்’ என்பவரே பங்கின் தலைவர். இரு சொற்களும் கடலைக் கடக்கையில் இருக்கை மாற்றிக்கொண்டன. பழைய கடிதம் ஒன்றை ஆங்கிலக் கண்ணால் படிப்பவர், யார் யாருக்குக் கட்டளையிட்டார் என்பதையே தலைகீழாக விளங்கிக்கொள்வார்.

இவ்வளவு ஒற்றுமையும் இவ்வளவு வேற்றுமையும் எவ்வாறு நேர்ந்தன? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் கூட்டங்கூட்டமாக ஆங்கிலத்துள் புகுந்தன. இலத்தீன் மொழியினின்றும் இரு மொழிகளும் தனித்தனியே கடன் கொண்டன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு வீடுகளில் வளர்ந்தால் முகம் ஒத்திருக்கும், குணம் மாறிவிடும் அன்றோ? இவற்றைப் ‘ஃபோஸ் அமி’, அதாவது பொய்நண்பர், என்று பெயரிட்டுக் கெஸ்லர், தெரொக்கிஞி என்னும் பிரெஞ்சு ஆசிரியர் இருவர் 1928-இல் ஒரு நூல் வெளியிட்டனர். எம் ஆசிரியரின் சீட்டுக்கட்டுக்கு அதுவே மூலமோ என்று பிற்பாடு எண்ணிக்கொண்டோம்.

நிற்க. சீமை மொழிகள் இரண்டுக்கு இத்துணைக் கவனத்துடன் ஆயத்தமான யாம், எமது சொந்த மாவட்டத்து மொழிகளுக்கு ஆயத்தமாகவில்லை.

தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இத்தருமபுரி மண்ணில் தமிழ் தனித்து வாழவில்லை. மைசூர் அரசின்கீழ்ப் பாராமகாலாக இருந்து, 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமான நிலம் இது. 1965-இல் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று; 2004-இல் கிருஷ்ணகிரி இதனின்று பிரிந்தது. எல்லைக்கோடுகள் எத்தனை முறை மாறினும், வீட்டுக்குள் பேசும் மொழி அவற்றுக்கு அடங்கவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டார் கன்னடமும், அடுத்த வீட்டார் தெலுங்கும், எதிர்வீட்டார் தமிழும் பேசுவர். சந்தையில் மூவரும் தமிழ் பேசுவர்.

தமிழின் பகரம் கன்னடத்தில் இடைக்காலத்தே ஹகரமாயிற்று. பால் ‘ஹாலு’ ஆனது. பாம்பு ‘ஹாவு’ ஆனது. ஊரைக் குறிக்கும் பள்ளி ‘ஹள்ளி’ ஆனது. மாரண்டஹள்ளியில் உள்ள ஹள்ளியும் நல்லம்பள்ளியில் உள்ள பள்ளியும் ஒன்றே. வெளியூர் நண்பர் ஒருவர் நல்லம்பள்ளி என்ற பெயரைக் கேட்டு அங்கே நல்ல பாடசாலை இருக்கிறது போலும் என்றார்! ளகரத்தை லகரமாக்கி ‘ஹல்லி’ என்றால் கன்னடத்தில் அது சுவரில் ஊரும் பல்லி. அவ்வாறே ‘ஹுலி’ என்பது புலி, ‘ஹுளி’ என்பது புளிப்பு. இவை மெய்நண்பர்கள், வேடம் மட்டும் மாற்றியவர்கள். விதியை ஒருமுறை கற்றால் தாமே விளங்கும்.

இடர் செய்பவை வேறு. கன்னட வீட்டில் ‘அக்கி’ என்றால் அரிசி. தமிழ் வீட்டிலோ அது உடம்பில் கொப்புளங்களாகப் படரும் நோய். கன்னடத்தார் வேலை ‘சிக்கிது’ என்று மகிழ்ந்து கூறினால் வேலை கிடைத்தது என்பது பொருள். எங்கே சிக்கிக்கொண்டது என்று தமிழர் கவலையுறுவர். கிறிஸ்மஸ் இரவு ஒன்றில், பாடற்குழுவின் கடைசி வரிசையில் நின்ற தமிழ்ச் சிறுவனை நோக்கிக் கன்னடத் தாய் ஒருவர் “ஹாடு, ஹாடு” என்று ஊக்கினார். பாடு என்றார் அவர். அவன் செவியில் வீழ்ந்தது ‘ஆடு’. பீடத்துக்கு முன்பாக அவன் ஆடியும்விட்டான்.

இனி அந்த முதியவரின் செய்திக்கு வருவோம். பாலக்கோடு வட்டாரத்தில் யாம் பணியாற்றிய பங்கில் அவர் கோயில்பிள்ளை. எழுபதைக் கடந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், தமிழும் நன்கு அறிந்தவர். முப்பதாண்டுகளுக்கு மேலாக அதிகாலை ஐந்து மணிக்குக் கோயில் மணியை அடித்து ஊரை எழுப்பி வந்தவர். 2010-ஆம் ஆண்டு மார்கழியில், அன்பர் ஒருவரின் நன்கொடையால் கோயிலுக்கு மின்சார மணி பொருத்தினோம். பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும். ஆயினும் கயிற்று மணியை நிறுத்தும் எண்ணம் எமக்குக் கனவிலும் இருந்ததில்லை.

மின்சார மணி வந்த இரண்டாம் நாள் விடியலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதியவர் வருவதற்குச் சிறிது பிந்திவிட்டது. மூட்டு வலியோடு, மூச்சிரைக்க, ஏறத்தாழ ஓடியே வந்தார். அவர் படும் பாட்டைக் கண்டு எமது உள்ளம் இளகிற்று. ‘பதற வேண்டாம், மெல்ல வாருங்கள்’ என்பதே யாம் கூற விரும்பியது. சந்தையில் பொறுக்கிய தெலுங்கில் இல்லை என்பதற்கு ‘லேது’ என்று கற்றிருந்தோம். அவசரம் என்ற சொல் எம்மொழியிலும் உண்டே, அவர் மொழியிலும் உண்டே! எனவே முகம் மலர, “அவசரம் லேது, பெரியவரே” என்றோம்.

அவர் சற்றுநேரம் எம்மைப் பார்த்தார். கைகூப்பினார். அன்றைக்கு மணியடித்துவிட்டுச் சென்றார். மறுநாள் கோயில் சாவி ஓர் இளைஞன் கையில் வந்தது. உடல் நலமில்லை போலும் என்று எண்ணி வீட்டுக்குச் சென்றோம். பாய் விரித்து உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, மரியாதையாகவே பேசினார். மணியைப் பற்றி அவரும் பேசவில்லை. முதுமையில் ஓய்வை நாடுகிறார் என்று கருதி யாமும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்தார். கடைசித் தூணருகே நின்று, முடிந்ததும் போய்விடுவார். தவக்காலம் கழிந்தது.

குருத்து ஞாயிறன்று, ஓலைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் பேத்தி, ஆறாம் வகுப்புச் சிறுமி, எம்மிடம் கேட்டாள்: “சாமி, கரண்ட் மணி வந்துட்டதால தாத்தா இனிமே தேவையில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே?”

தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை என்பதை அன்றுதான் அறிந்தோம். ‘அவசரம் லேது’: தேவையில்லை. பாண்டிச்சேரி ஆசிரியரின் கொடிய விதி நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே சென்று மன்னிப்புக் கேட்டோம். யாம் கூற எண்ணியது இன்னது, கூறியது இன்னது என்று விளக்க விளக்க, முதியவர் முதலில் நம்பவில்லை. பின்னர் நீண்ட நேரம் பேசாதிருந்தார். பின்பு சிரித்தார். “தமிழிலேயே சொல்லியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்குமே, சாமி” என்றார். உண்மை. அவர் மொழியைப் பேசி அன்பு காட்டப் புகுந்ததே வினையாயிற்று. அவர் மேலும் சொன்னார்: “பரபரப்புக்கு நாங்க ‘தொந்தர’ன்னு சொல்லுவோம். தொந்தர லேதுன்னு சொல்லணும்.” எமக்கு மீண்டும் தலை சுற்றிற்று. தொந்தரவு என்றால் தமிழில் தொல்லை. கன்னடத்தில் ‘தொந்தரெ’ என்பதும் தொல்லையே. தெலுங்கில் மட்டும் அது விரைவு. அவசரமோ தமிழிலும் கன்னடத்திலும் விரைவு; தெலுங்கில் மட்டும் தேவை. அம்முதியவர் நல்ல எண்ணத்துடன் எவரேனும் ஒரு தமிழரிடம் “தொந்தர லேது” என்றால், ‘உன்னால் தொல்லையில்லை’ என்று அவர் கேட்டுக்கொள்வார். தெரியாத சொல்லாக இருந்தால், ‘என்ன சொன்னீர்கள்?’ என்று ஒருவரையொருவர் கேட்டிருப்போம். தெரிந்த சொல் என்று எண்ணியதால் இருவருமே கேட்கவில்லை. நான்கு திங்கள் கழிந்தன.

பாஸ்கா இரவில் கயிற்று மணியை அவரே அடித்தார்.

அவ்வாண்டு மே மாதம், விடுமுறை மறைக்கல்வி வகுப்புக்கு மும்மொழி வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தனர். சீட்டுக்கட்டு செய்யலாமா என்று முதலில் எண்ணினோம். மூன்று மொழிகள், மூன்று எழுத்துக்கள். எழுத்தில் கண்டால் பிள்ளைகள் ஏமாறமாட்டார்கள்; இங்கே ஏமாற்றுவது ஒலியே. ஆதலால் வாய்மொழியாக ஆடும் ஆட்டம் வேண்டியிருந்தது. வழி காட்டியவர் கோயில்பிள்ளையே. கோயில் திண்ணையில் சுண்ணக்கட்டியால் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைக் கீறினார்: இருபத்து மூன்று புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. புளியே ஆடானதைக் கண்டு கன்னடப் பிள்ளைகள் ‘ஹுலி, ஹுளி’ என்று மாற்றி மாற்றிக் கூவிச் சிரித்தனர்.

வழக்கமான விதிகளோடு ஒன்றைக் கூட்டினோம். புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்ட வரும்போது, புலிக்காரர் தம் வீட்டுச் சொல் ஒன்றை உரைக்க வேண்டும். ஆட்டுக்காரர் அது தம் வீட்டில் என்ன, புலிக்காரர் வீட்டில் என்ன என்று இரண்டையும் கூறி, புலிக்காரர் வீட்டுப் பொருளில் ஒரு வாக்கியமும் அமைத்தால் ஆடு பிழைக்கும். வாக்கியம் இன்றியமையாதது என்று பட்டறிந்தே சேர்த்தோம். முதல் இரண்டு நாட்கள் பொருளை மட்டும் கேட்டோம். பிள்ளைகள் வாய்பாடு போல ஒப்பித்துவிட்டு, விளையாட்டு முடிந்ததும் பழையபடியே பேசினர். வாக்கியம் கேட்கத் தொடங்கியபின் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சென்று, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு வரலாயினர்.

தெலுங்குப் புலிகளே வலியவை. ‘வீடு’ என்றால் தமிழ்ப் பிள்ளைகள் கூரையைக் காட்டினர். தெலுங்குப் பிள்ளைகள் அருகிலிருந்த பையனைக் காட்டினர், அவர்கள் மொழியில் அது ‘இவன்’ ஆகையால். ‘ஆமெ’ என்றால் தமிழருக்கு ஆமை. தெலுங்கருக்கு ‘அவர்’ என்று ஒரு பெண்ணைச் சுட்டும் சொல்.

இந்த ஆமையால் ஒரு தொல்லையும் விளைந்தது. அதனை மறைப்பது முறையன்று. மெல்ல நடக்கும் சிறுமி ஒருத்தியைச் சில பையன்கள் ‘ஆமெ, ஆமெ’ என்று அழைக்கத் தொடங்கினர். கேட்டால், தெலுங்கில்தானே சொன்னோம் என்று சாதித்தனர். சிறுமி இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. யாம் அச்சொல்லை ஆட்டத்தினின்று நீக்கினோம். பையன்களை அவள் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். விளையாட்டின் மூலம் கற்பித்தலைப் புகழ்வோர் இத்தகைய இடர்களைச் சொல்வதில்லை. எனினும் இவ்வகைச் சொற்களுக்கு விளையாட்டைவிட நல்ல வழியை யாம் காணவில்லை. ஏமாந்தால்தான் இவை மனத்தில் பதிகின்றன. திண்ணையில் ஏமாந்தால் போவது ஒரு புளியங்கொட்டை மட்டுமே.

வகுப்பு பத்து நாளில் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. மழை வந்து கட்டத்தை அழிக்கும்போதெல்லாம் கோயில்பிள்ளை மீண்டும் கீறிவிடுவார். மாலை மணிக்கும் செபமாலைக்கும் இடைப்பட்ட நேரத்தில் எம்மையும் உட்கார வைப்பார்கள். ஆடுகள் எப்போதும் எமக்கு, புலிகள் அவருக்கு. பிள்ளைகளை வெட்ட வரும்போது அவர் புதுப்புதுச் சொற்களைத் தேடி எடுப்பார். எம் ஆட்டை நெருங்கும்போது மட்டும், கூழாங்கல்லை விரலிடுக்கில் பிடித்தபடி, சுற்றியிருக்கும் பிள்ளைகள் அனைவரும் முன்னரே வாயைப் பொத்திக்கொள்ள, தவறாமல் அந்த ஒரே சொல்லைத்தான் உரைப்பார்.